லீடர் கட்டும் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆழ்கடலுக்குத் தூண்டிலோடு போகும் நண்பர்களே, அவர்களை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளே,

ரீலிலிருந்து வரும் நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே நிற்கும் கடைசிச் சில மீட்டர் தடித்த தங்கூசிக்கு, அல்லது கம்பிக்கு, லீடர் என்று பெயர். மீனின் பல், மூக்குக் கொம்பு, செவுள் ஓரம், வால், அடியில் கிடக்கும் பார் எல்லாம் உரசுவது இந்தத் துண்டில்தான். படகருகே வந்த மீனைக் கையால் இழுப்பதும் இதைப் பிடித்துத்தான். அப்படியிருந்தும் ஒரு பயணத்துக்காகும் செலவில் மிகச் சிறிய பங்கும் மிகக் குறைந்த கவனமும் இதற்கே வந்து சேர்கின்றன. ராடையும் ரீலையும் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறீர்கள். லீடரை மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி, கட்டியது யார், எப்போது என்று கேட்காமல் தண்ணீரில் இறக்கிவிடுகிறீர்கள். மணிக்கணக்கில் காத்திருந்து கிடைத்த மீன் படகுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் அறுத்துக்கொண்டு போனால், ‘விதி’ என்று சொல்லிவிட்டு அடுத்த லூரை எறிகிறீர்கள். அறுந்து வந்த முனையை எடுத்துப் பார்ப்பவர் உங்களில் மிகச் சிலர்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். தடித்த லீடர் கட்டினால் பெரிய மீனை இழுக்கலாம் என்பது பலருடைய எண்ணம். இழுக்கும் பலத்தைத் தீர்மானிப்பது, மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு நழுவ விடும் ரீலின் டிராக். முக்கிய நரம்பு 80 பவுண்டு என்றால், மீன் கடிக்கும் நேரத்துக்கு டிராக்கை அதன் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 20 முதல் 27 பவுண்டுக்குள் வைப்பதே வழக்கம். டிராக் அந்த அளவில் இருக்கும்வரை 300 பவுண்டு லீடருக்கு அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்கு சுமைகூட ஏறுவதில்லை. பிறகு எதற்கு 300 பவுண்டு? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தேய்மானம். மற்றொன்று, கடைசியில் டிராக்கின் இடத்தில் வந்து நிற்கும் மனிதக் கை.

தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம். மயில் மீனோடு அரை மணி நேரம் போராடி முடிந்த லீடரை எடுத்து, முள்ளின் பக்கமிருந்து மேல்நோக்கி இரு விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று அடி வரை தங்கூசி பளபளப்பை இழந்து வெளுத்திருக்கும். உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். நகத்தை வைத்தால் சிறு சிறு பள்ளங்களில் தட்டும். மீனின் கொம்பும் அதன் சிறுபற்களும் அரமாகி ராவிய இடம் அது. 60 பவுண்டுத் தங்கூசியில் அவ்வளவு ராவினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 150 பவுண்டுத் தங்கூசியில் அதே அளவு போனாலும் போதுமானது மிஞ்சும். தடிமன் கூடுவது தேய்வதற்குக் கொடுக்கும் இருப்பு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. லீடர் கைக்கு எட்டியதும் படகிலிருக்கும் ஒருவர் அதைப் பிடித்து இழுக்கிறார். அந்தக் கணத்திலிருந்து டிராக் என்ற ஒன்று இல்லை. மீன் திரும்பி ஓடினால் நழுவ விடும் உராய்வுத் தட்டும் இல்லை, வளைந்து கொடுக்கும் ராடும் இல்லை. ஒரு மனிதனின் முழு உடல் எடையும் ஒரு மார்லினின் வால் உதையும் நேருக்கு நேர் மோதுவது அந்தச் சில மீட்டர் தங்கூசியிலும் அதன் இரு முனைகளிலும்தான். மணிக்கணக்கில் சும்மா இருந்த முடிச்சுக்கும், தங்கூசியை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்புக்கும் உண்மையான சோதனை கடைசி ஒரு நிமிடத்தில் வருகிறது. படகருகே மீன் போவது அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். விதிக்கு அதில் வேலை இல்லை.

எந்த மீனுக்கு எது என்று தேர்ந்தெடுக்கும்போது மீனின் எடையைவிட அதன் வாயைப் பார்ப்பது நல்லது. வஞ்சிரம் எடையில் அடக்கமான மீன்தான். தெற்கே அதைச் சீலா என்பார்கள், இலங்கையில் அறுக்குளா. அதன் பற்கள் கத்தரிக்கோல் போல் ஒன்றோடொன்று பொருந்தி வெட்டும். 200 பவுண்டுத் தங்கூசியையும் ஒரே கடியில் துண்டாக்கக்கூடிய வாய் அது. அங்கே தடிமனைக் கூட்டுவது வீண், கம்பி வேண்டும். முள்ளுக்கு மேல் ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை போதும். வாகூவுக்கும் ஊளிக்கும் இதே கணக்கு. குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம் ஆழ்கடல் சுறாவுக்குப் போனவர்கள் முள்ளுக்கு மேல் கம்பி வைத்ததும் இந்த அறிவால்தான்.

சூரையின் கதை நேர்மாறானது. மஞ்சள் துடுப்புச் சூரைக்கு வெட்டும் பல் இல்லை, ஆனால் கூர்மையான பார்வை உண்டு. வெயில் நேரத்தில், தெளிந்த நீரில், உயிர் இரையின் பின்னால் தடித்த தங்கூசி தெரிந்தால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். 60 முதல் 100 பவுண்டு வரையிலான ஃப்ளோரோகார்பன் இங்கே பொருந்தும். மயில் மீனுக்கு உயிர் இரையும் சர்க்கிள் முள்ளும் என்றால் 60–80 பவுண்டு போதும் என்று பல படகுகளில் நடைமுறை இருக்கிறது. முள் வாயின் ஓரத்தில் மாட்டுவதால் லீடர் கொம்போடு உரசுவது குறைகிறது. மலேசியாவின் குவாலா ரொம்பினுக்கு மயில் மீன் தேடிப் போகும் தமிழ் நண்பர்கள் இதை அறிவார்கள். லூர் இழுத்துப் பிடிப்பதானால் நூறுக்கு மேல் போவதே பாதுகாப்பு.

அந்தமான் கடலில் பாப்பர் எறிந்து பெரும்பாரையைத் தேடுவோருக்குப் பகை மீனின் வாய் அன்று, பார். கடித்த மறுகணம் பாரை பவளப் பாறைக்குள் தலையை விடப் பார்க்கும். பி.இ. 8 அல்லது 10 தடிமனுள்ள பிரெய்டின், அதாவது பின்னல் நரம்பின், முனையில் 130 முதல் 200 பவுண்டு வரையுள்ள நைலான் லீடர் ஒன்றரை, இரண்டு மீட்டர் வைப்பது வழக்கம். பி.இ. 8 பிரெய்டின் விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இழுத்தால் அறாத அந்த நூல், இறுக்கமாக நிற்கும்போது பாறை விளிம்பில் ஒரு முறை பட்டாலே போய்விடும். உரசலைத் தாங்கும் வேலை முழுவதும் லீடரின் தலையில்தான் விழுகிறது. லீடரை இரண்டு மீட்டருக்கு மேல் நீட்டினால் முடிச்சு ராடின் வளையங்களுக்குள் ஏறி, வீசும்போது இடறும்.

மார்லினுக்கு 300, 400 பவுண்டு என்று போவது அந்த மீனின் அளவால். பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் 1953 ஆகஸ்டில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருமார்லின் 1,560 பவுண்டு, 14 அடிக்கு மேல் நீளம். அத்தகைய மீன் திரும்பி ஓடும்போது அதன் வால் தன் மூக்கிலிருந்து நான்கு மீட்டருக்குப் பின்னால் நரம்பை அடிக்கிறது. லீடர் மீனைவிடக் குட்டையாக இருந்தால் அடி வாங்குவது முக்கிய நரம்பு. லீடரின் நீளத்துக்கு அளவுகோல் மீனின் நீளம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

நீளத்துக்கு மேல்வரம்பும் உண்டு. 1939-இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், அதாவது ஐ.ஜி.எஃப்.ஏ., கடலுக்கு வகுத்த விதி இது: 20 பவுண்டு வரையிலான நரம்பு வகைகளில் லீடர் 15 அடி, அதற்கு மேலே நரம்பை இரட்டித்துக் கட்டும் இரட்டை நரம்பும் லீடரும் சேர்ந்து 20 அடி. அதற்கு மேற்பட்ட வகைகளில் லீடர் 30 அடி, இரண்டும் சேர்ந்து 40 அடி. லீடரின் பொருளுக்கோ பலத்துக்கோ அந்த விதியில் வரம்பு இல்லை. சாதனைப் பதிவு உங்கள் நோக்கமாக இல்லாவிட்டாலும் இந்த அளவுகளை ஏற்பது நல்லது. நாற்பது அடிக்கு மேல் தடித்த தங்கூசியைச் சிறு படகின் தளத்தில் சுருட்டிப் போட்டால் அது கால்களைத் தேடிவரும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. நைலான் தங்கூசி இழுபடும், திடீர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், விலை குறைவு. ஆனால் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் கெடும். ஃப்ளோரோகார்பன் தண்ணீரை உறிஞ்சாது, வெயிலைத் தாங்கும், நைலானைவிடக் கனமானதால் மூழ்கும். ஒளியை வளைக்கும் தன்மை அதில் தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது குறைவு. நூறு நூற்றைம்பது பவுண்டைத் தாண்டினால் அது கம்பிபோல் விறைத்துவிடுகிறது, விலையும் எகிறுகிறது. நுரையோடு ஓடும் மார்லின் லூருக்கு அந்தப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. நல்ல நைலானே போதும். கம்பியில் இரண்டு வகை உண்டு. ஒற்றை இழைத் துருப்பிடிக்காக் கம்பி மெல்லியது, மலிவு, ஆனால் ஒரு முறை மடங்கினால் அந்த இடத்தில் ஒடியும். 49 இழை முறுக்குக் கம்பி வளைந்து கொடுக்கும், விலை கூடுதல்.

இனி இணைப்பு. உங்களிடம் அதிகம் மன்றாட வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். சுருளின் மேல் அச்சிட்ட எண் கடையில் கிடைத்த தங்கூசியின் பலம். உங்கள் கையிலிருக்கும் லீடரின் பலம் அதன் இரண்டு முனைகளில் எது பலவீனமோ அதன் பலம். 400 பவுண்டுத் தங்கூசியில் தவறாக நசுக்கிய ஒரு கிரிம்ப் நூறு பவுண்டில் கழன்றால், கையில் இருப்பது நூறு பவுண்டு லீடர்.

மேல் முனையில், நரம்பும் லீடரும் சேருமிடத்தில், பிரெய்டுக்கு எஃப்.ஜி. முடிச்சு இன்று பரவலாகிவிட்டது. லீடர் மடங்குவதே இல்லை. பிரெய்டு அதன்மேல் மாறி மாறி இருபது சுற்று வரை பின்னி, தன் இறுக்கத்தாலேயே கவ்விக்கொள்கிறது. ஆகவே முடிச்சு மெலிவாக வளையங்களைக் கடக்கும். பின்னலைப் போட்டுவிட்டு லேசாக இழுத்து முடித்துக்கொள்வதுதான் அதில் நடக்கும் தவறு. கையுறை போட்டு, பிரெய்டை ஒரு கட்டையில் சுற்றி, முழு பலத்தோடு இழுக்கும்போது பின்னலின் நிறம் கண்முன்னே கருக்கும். இழைகளுக்கடியில் லீடர் நிழலாகத் தெரியும். அந்த நிற மாற்றம் வராத எஃப்.ஜி. முடிச்சு சுமை ஏறியதும் உருவிக்கொண்டு வரும்.

நைலானை முக்கிய நரம்பாகக் கொண்டவர்களுக்கும் படகை ஓட்டியபடி லூர் இழுக்கும் கனமான ட்ரோலிங் கருவிகளுக்கும் பிமினி முறுக்குதான் அடித்தளம். ஒழுங்காகப் போட்டால் நரம்பின் பலத்தில் ஏறக்குறைய எதையும் அது தின்பதில்லை. நைலானில் இருபது முறுக்காவது, பிரெய்டில் அதைவிட நிறைய முறுக்குகள் வேண்டும். அதில் கிடைக்கும் இரட்டை நரம்பின் கண்ணியை, ரீலுக்குள் சுற்றிக்கொள்ளும் வைண்ட்-ஆன் லீடரின் கண்ணிக்குள் பல முறை செலுத்தி இறுக்குகிறார்கள். வைண்ட்-ஆன் லீடரின் தலையில் உள்ளீடற்ற டேக்ரான் உறை ஒன்று இருக்கும். தங்கூசியை அதற்குள் நுழைத்திருப்பார்கள். இழுக்க இழுக்க உறை சுருங்கி உள்ளே இருப்பதைப் பிடிக்கும். திருவிழாக் கடையில் விற்கும் விரல் பிடிக்கும் ஓலைக்குழலின் சூட்சுமம்தான் இதுவும். உறையின் வாயில் மெழுகு நூலால் கட்டிய கட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாருங்கள். அது தளர்ந்தால் உறை பின்னோக்கிச் சுருள ஆரம்பிக்கும்.

கீழ் முனையில், நூறு நூற்றைம்பது பவுண்டு வரை முடிச்சு போடலாம். இறுக்கும் முன் தண்ணீரோ எச்சிலோ தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலான் தன்மேல் தானே உரசிச் சூடாகி, முடிச்சுக்குள்ளேயே பலம் இழக்கும். அதற்கு மேல் தடிமன் போனால் முடிச்சு சரியாக இறங்காது. கிரிம்ப் செய்ய வேண்டும்.

கிரிம்ப் என்பது ஒரு சிறு உலோக ஸ்லீவ். தங்கூசியை அதன் வழியே செலுத்தி, முள்ளின் கண்ணில் கோத்து, மறுபடி ஸ்லீவுக்குள் கொண்டுவந்து நசுக்குவார்கள். கேட்க எளிது; மிக அதிகமாகக் கெடுவதும் இதுவே. ஸ்லீவின் துளை தங்கூசி இரண்டு முறை போவதற்குச் சரியாக இருக்க வேண்டும், உள்ளே ஆடக் கூடாது. தங்கூசிக்கு அலுமினியம் போடலாம். துருப்பிடிக்காக் கம்பிக்கு அலுமினியம் கூடாது. உப்புநீரில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஸ்லீவை அரித்துவிடும், கம்பிக்குச் செம்பு ஸ்லீவே ஏற்றது. ஸ்லீவின் நடுவே நசுக்கி, இரு விளிம்புகளையும் தொடாமல் விட வேண்டும்.

விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய, ஓரம் வரை நசுக்கிய ஒரு பழைய கிரிம்பை ரம்பத்தால் நீளவாட்டில் பிளந்து பாருங்கள். வெளியிலிருந்து பார்க்க அது நன்றாக, பலமாக, அழகாகவே இருந்திருக்கும். உள்ளே, ஸ்லீவின் வாய் முடியும் இடத்தில், தங்கூசியைச் சுற்றி ஒரு மெல்லிய வெட்டுக் கோடு வளையமாகத் தெரியும். அறுந்து வரும் லீடர்களில் முனை சீராக, கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால், மீன் கடித்தது என்று முடிவு கட்டும் முன் இந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முனை சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கியது. வெளுத்துச் சொரசொரத்து வந்தால் தேய்மானம். ஒவ்வொரு அறுந்த முனையும் ஒன்றைச் சொல்லும். அதைக் கடலில் எறிந்துவிட்டால் அடுத்த மீனும் அதே இடத்தில்தான் போகும்.

மின்கம்பிக் குறடால் கிரிம்ப் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குறடு ஒரு புள்ளியில் குத்தி நசுக்குகிறது. ஸ்லீவின் முட்டை வடிவத்துக்கேற்ற வாயுள்ள குறடு வேண்டும். முள் ஆடும் கண்ணியில் உரசலைத் தாங்கச் சிறு உலோகத் திம்பிளோ குழாயோ வையுங்கள். தங்கூசியின் மிச்ச முனையை லைட்டரில் காட்டிச் சிறு குமிழாக்கினால், வழுக்கினாலும் ஸ்லீவின் வாயில் தட்டி நிற்கும். தீ முக்கியத் தங்கூசியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை இழைக் கம்பிக்கு முடிச்சும் இல்லை, கிரிம்பும் இல்லை, ஹேவையர் முறுக்குதான். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சமமாகத் தழுவி மூன்றரை முறுக்காவது வர வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றொன்று மட்டும் சுற்றினால் அது உருவிவிடும். அதன்பின் நெருக்கமாக ஐந்தாறு சுற்று. மிச்ச முனையைக் குறடால் வெட்டக் கூடாது, கைப்பிடிபோல் வளைத்து முன்னும் பின்னும் ஆட்டி ஒடிக்க வேண்டும். வெட்டிய முனையில் நிற்கும் பிசிறு லீடரைப் பிடிப்பவரின் உள்ளங்கையைக் கிழிக்கும்.

அந்த உள்ளங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படகோட்டிகளே, இது குறிப்பாக உங்களுக்கும், உங்களோடு வரும் இளைஞர்களுக்கும். லீடர் பிடித்த கை விடுபடாமல் கடலுக்குள் இழுக்கப்பட்டவர்கள் இந்த விளையாட்டின் வரலாற்றில் உண்டு, உயிரும் போயிருக்கிறது. தடித்த தோல் கையுறை இல்லாமல் எந்தப் பெரிய மீனின் லீடரையும் தொடக் கூடாது. கையில் சுற்றும்போது, விரல்களை விரித்தாலே சுற்று நழுவும்படி சுற்ற வேண்டும். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறினால் கை பூட்டிக்கொள்ளும். மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். இழுத்த லீடர் தளத்தில் காலடியில் சேரக் கூடாது; பின்னால் தள்ளிவிடவோ கடலுக்குள் விடவோ ஒருவர் நிற்க வேண்டும். அவர் கைக்கு எட்டும் இடத்தில் கம்பியையும் வெட்டும் குறடு இருக்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டி வைத்த குறடு உதவாது. நாள் கூலிக்கு வந்த பையனிடம் இதில் எதையும் சொல்லிக் கொடுக்காமல், ‘லீடரைப் பிடிடா’ என்று கத்துவது பெரிய அநியாயம்.

அறுத்துக்கொண்டு போகும் மீனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மேல் முடிச்சு விட்டுப்போனால், வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் பல மீட்டர் தங்கூசியோடும் அது போகிறது. அந்தத் தங்கூசி பாறையில் சிக்கலாம், வாலைச் சுற்றலாம். விட்டுவிடுவதற்காகவே மீன் பிடிப்பவர்களாகிய நீங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடும்போது முள்ளை எடுக்க முடியாவிட்டால், எட்டும் அளவுக்கு வாயருகே லீடரை வெட்டுங்கள். துருப்பிடிக்கும் முள்ளைப் பயன்படுத்தினால் அது காலப்போக்கில் கரையும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலைப் பொழுதை லீடருக்காக ஒதுக்குங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தங்கூசி, அதே ஸ்லீவ், அதே குறடு கொண்டு மூன்று லீடர் செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முள்ளை இரும்புத் தூணில் மாட்டி, மறுமுனையை மரக்கட்டையில் சுற்றி, உடல் எடை முழுவதையும் போட்டுப் பின்னால் சாயுங்கள். வழுக்குவதும் அறுவதும் வீட்டு வாசலிலேயே நடக்கட்டும். மூன்றும் நின்றால் அதே கையால் பயணத்துக்கானவற்றைச் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் சுருட்டி, பவுண்டையும் நீளத்தையும் செய்த தேதியையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடலில் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி மூன்றடியை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டி மறுபடி கட்டுங்கள், அடுத்த கூட்டம் பக்கத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தாலும்.

படகோட்டிகளே, கயிறு அவிழ்க்கும் முன் அந்த உறைகளை வாங்கிப் பாருங்கள். தேதி இல்லாத லீடரை, எத்தனை பணம் கொடுத்த விருந்தாளி கொண்டுவந்தாலும், தண்ணீரில் இறக்க அனுமதிக்காதீர்கள்.